வழுவும் வழுவமைதியும்: ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ விளையாட்டின் கோப்புகளை முன்வைத்து

கணினி விளையாட்டுகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகளிலும் ஊடகவியல் துறைகளிலும் ஆய்வுப்பொருளாக இடம்பெறத் தொடங்கிவிட்டன. ஆயினும் இங்கு எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி, விளையாட்டைத் திரைப்படத்தைப் போலவோ நாவலைப் போலவோ அணுகுகிறது. கதை எத்தகையது, பாத்திரங்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றன, வன்முறை எப்படி நியாயப்படுத்தப்படுகிறது ஆகிய கேள்விகள் எழுப்பப்படுகின்றன. தேவையான கேள்விகள்தாம். ஆனால் விளையாட்டு, திரையில் தெரியும் காட்சியோடு முடிந்துவிடுவதில்லை. வட்டில் கிடக்கும் கோப்புகளின் தொகுதியாகவும் அது இருக்கிறது. அக்கோப்புகளைத் திறந்து பாராமல் எழுதப்படும் ஆய்வு, நாடகத்தின் மூலபாடத்தைத் தொடாமல் ஒரே ஒரு மேடையேற்றத்தைக் கண்டு எழுதப்படும் விமரிசனத்தை ஒத்தது.

இதைத் தெளிவுபடுத்துவதற்கு ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ என்னும் தற்சார்பு விளையாட்டைவிடப் பொருத்தமான சான்று அரிது. வரம்புகளும் வழுக்களும் இல்லாத மென்பொருள் கிடையாது. ஆகவே ஒரு விளையாட்டில் அவை உண்டா என்று கேட்பதில் பயனில்லை. ஒரு வரம்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஆடுபவர் திறந்து படித்து மாற்றத்தக்க உரைக்கோப்பிலா, எவரும் படிக்கவியலாத இயங்குகோப்பிலா? கேட்கப்பட வேண்டியது இது. ஆடுபவருக்கும் ஆக்கியவருக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடு, இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில் அடங்கியிருக்கிறது.

டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் இருவர், ‘பே 12 கேம்ஸ்’ என்ற பெயரில் 2002 முதல் உருவாக்கிவரும் விளையாட்டு இது. முதல் பொதுப்பதிப்பு 2006 ஆகஸ்டில் வெளிவந்தது. நிரல் எழுதுபவர் டார்ன்; கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் ஆய்வுப் பணியை விட்டு வெளியேறியவர். பல ஆண்டுகள் இது இலவசமாகவே தரப்பட்டது. ஆடுபவர்களின் நன்கொடையால் சகோதரர்கள் வாழ்ந்தனர். 2012-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாகத் தன் சேகரிப்பில் சேர்த்த 14 விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. 2022 டிசம்பர் 6 அன்று, கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் வழியாக, படங்களோடும் சுட்டெலி வசதியோடும் கட்டணப் பதிப்பு ஸ்டீம் தளத்தில் வெளியானது. எழுத்துருக்களால் மட்டும் ஆன பழைய வடிவம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

விளையாட்டின் அமைப்பு எளிமையானது போலத் தோன்றும். ஒரு குள்ளர் குழு மலையைக் குடைந்து கோட்டை அமைக்கிறது, ஆடுபவர் கட்டளையிடுகிறார், குள்ளர்கள் தம் போக்கில் வேலை செய்கிறார்கள். உள்ளே நடப்பதோ வேறு. ஒவ்வோர் உயிரின் தசை, எலும்பு, தோல், நினைவு, மனக்குறை ஆகியவற்றையும், ஒவ்வொரு பாறையின் உருகுநிலையையும், ஒவ்வொரு துளி நீரின் ஓட்டத்தையும் நிரல் கணக்கில் வைத்திருக்கிறது. இவ்வளவும் பழைய வடிவத்தில் எழுத்துகளாகத் தெரிந்தன. பூனைக்கு ஓர் எழுத்து, நாய்க்கு ஓர் எழுத்து, குள்ளருக்கு ஒரு சிரித்த முகக் குறி.

இந்த உலகத்தின் இலக்கணத்தில் ஒரு பாதி, சாதாரண உரைக்கோப்புகளில் இருக்கிறது. ஆடுபவர்கள் அவற்றைக் ‘கச்சாக் கோப்புகள்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எந்த உரைத்திருத்தியிலும் அவை திறக்கும். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், அதன் பின் ஒரு முக்காற்புள்ளி, அதன் பின் ஓர் எண். உயிரினத்தின் பெயர், உடற்பருமன், ஆயுள், பேசுமா, கற்குமா, ஆணா, பெண்ணா ஆகியன இவ்வாறே எழுதப்பட்டுள்ளன. வளர்ந்த குள்ளரின் உடற்பருமன் 60,000 கன செ.மீ.; வளர்ந்த பூனையின் பருமன் 5,000. எண்ணை மாற்றிச் சேமித்துப் புதிய உலகம் ஒன்றைப் படைத்தால், யானையளவு பூனை உலவும். நிரலாக்கம் அறியாத ஒருவரும் இதைச் செய்யலாம். ‘மாடிங்’ எனப்படும் கோப்புத் திருத்தத்தின் முதற்படி இது.

பழைய பதிப்புகளில் மேலும் ஒரு நுட்பம் இருந்தது. புதிய உலகம் படைக்கப்படும்போது, அக்கச்சாக் கோப்புகளின் நகல் ஒன்று அந்த உலகத்தின் சேமிப்புக் கோப்புறைக்குள் வைக்கப்பட்டது. தலைமைக் கோப்பைப் பின்னர் மாற்றினாலும் பழைய உலகம் மாறாது. அது தன் சட்டநூலைத் தன்னோடே சுமந்துகொண்டிருந்தது. ஒரே விளையாட்டை ஆடும் இருவர், வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்ட வெவ்வேறு உலகங்களில் இருந்திருக்கக்கூடும். ‘இவ்விளையாட்டில் பூனை இவ்வாறு நடத்தப்படுகிறது’ என்று ஆய்வேட்டில் எழுதுபவர், எந்த உலகத்தின் எந்தக் கோப்பின்படி என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

மற்றொரு பாதி இயங்குகோப்பினுள் இருக்கிறது. அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை. குள்ளர் வழி தேடும் முறை, நீர் பரவும் கணக்கு, அறிவிப்பு வாக்கியங்கள் அமையும் விதம் முதலானவை இந்த மூடிய பகுதியைச் சேர்ந்தவை. திறந்த பாதிக்கும் மூடிய பாதிக்கும் நடுவேயுள்ள எல்லை சாதாரண நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வழு நேரும்போதுதான் அது தெரிகிறது.

2015 டிசம்பரில் வந்த பதிப்பு மதுக்கூடங்களை அறிமுகப்படுத்தியது. சில நாட்களில், கோட்டைகளில் பூனைகள் காரணம் தெரியாமல் இறக்கின்றன என்று ஆடுபவர்கள் தெரிவித்தனர். இறந்த பூனைகளைச் சுற்றி வாந்தி கிடந்தது. டார்ன் ஆடம்ஸ் காரணத்தைத் தேடிக் கண்டார். மதுக்கூடத்தில் குள்ளர்கள் கிண்ணத்தைச் சிந்துகிறார்கள். பூனை அந்த ஈரத்தில் நடக்கிறது. பாதத்தில் மது ஒட்டுகிறது. பூனைகள் தம்மை நக்கித் தூய்மை செய்யும் என்ற விதி முன்பே இருந்தது. நக்கும்போது பாதத்திலுள்ள பொருள் வயிற்றுக்குள் போகிறது. நிரலோ, அந்த ஒட்டிய ஈரத்தை ஒரு முழுக் கிண்ண மதுவாகக் கணக்கிட்டது. போதை உடற்பருமனுக்கு ஏற்ப ஏறும் என்பதும் விதி. பன்னிரண்டில் ஒரு பங்கு உடலுள்ள பூனை, குள்ளருக்குரிய அளவை உட்கொண்டு மாண்டது.

வேடிக்கைச் செய்தியாக இது உலகெங்கும் பரவியது. ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது வேடிக்கையை அன்று. சிந்துதல், ஒட்டுதல், நக்குதல், போதையேறுதல் ஆகிய நான்கு விதிகளும் தனித்தனியே சரியானவை. அவை சேர்ந்த இடத்தில் ஓர் அளவு மட்டும் தவறியது. நோவா வார்ட்ரிப்-ஃப்ருயின் 2009-இல் வெளியிட்ட ‘எக்ஸ்பிரஸிவ் ப்ராஸஸிங்’ என்னும் நூலில், உள்ளே செறிந்த செயல்பாடு இருந்தும் மேற்பரப்பில் அது புலப்படாத மென்பொருள்களைப் பற்றிப் பேசுகிறார். பூனையின் சாவு அதற்கு நேர்மாறான கணம்: உள்ளே மறைந்திருந்த செறிவு, பிழையின் வாயிலாக மேற்பரப்புக்கு வந்தது. அந்த வழு நேராதிருந்தால், பூனையின் பாதத்துக்குத் தனிக் கணக்கு உண்டு என்பதையே பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

எல்லைக்கோடும் இங்கே துலங்குகிறது. பூனையின் பருமன் திறந்த கோப்பில் இருந்தது. ஒட்டிய ஈரத்தை எவ்வளவு மதுவாகக் கொள்வது என்பது ஆடுபவர் கைக்கு எட்டவில்லை. பூனையைப் பெரிதாக்கி மரணத்தைத் தவிர்க்க ஆடுபவரால் முடியும். அது நோயை விட்டுவிட்டு நோயாளியின் உடம்பை மாற்றுவது. முறையான திருத்தம் ஆக்கியவரிடமிருந்தே வர வேண்டியிருந்தது, வந்தது. அளவு திருத்தப்பட்டது, நக்கும் பழக்கத்தைப் பூனை இழக்கவில்லை.

கணித்தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பிழைக்கு ‘வழு’ என்ற சொல் நிலைத்திருப்பது பொருள் பொதிந்த தேர்வு. தமிழ் இலக்கணம் வழாநிலை, வழு என்ற இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்ற மூன்றாவதையும் வகுத்தது. விதியின்படி பிழை, ஆயினும் ஒரு காரணம் பற்றி ஏற்கத்தக்கது. உவப்பின் காரணமாகப் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வது திணை வழுவமைதி எனப் பள்ளி மாணவரும் அறிவர். மென்பொருள் உலகில் வழுவுக்கும் வசதிக்கும் இடையில் இருக்கும் பரப்பைப் பேச, இதைவிடத் தெளிவான கருவி வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்தும் துணிவுதான் தமிழ் ஆய்வுலகில் குறைவு.

‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ வழுவமைதிகளால் நிறைந்தது. தூக்குபாலம் ஒன்று கீழிறங்கும்போது அதனடியில் உள்ள பொருள் நசுங்கிச் சிதறாமல் அடியோடு மறைந்துவிடுகிறது. ஆடுபவர்கள் அதையே குப்பை அழிக்கும் பொறியாக்கிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் எத்தனை பொருள்களைக் கொட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லாததால், ஒரே கட்டத்தில் ஆயிரக்கணக்கான கற்களைக் குவிக்கும் முறை தோன்றியது. நீர்ச்சக்கரம் 100 அலகு ஆற்றல் தருகிறது. நீரை மேலேற்றும் திருகு இறைவைக்கு 10 அலகு போதும். ஆகவே தன் நீரைத் தானே இறைத்துக்கொண்டு ஓயாமல் சுழலும் எந்திரம் சாத்தியமாகிறது. இயற்பியலின்படி மூன்றும் பிழை. ஆடும் மரபின்படி மூன்றும் நிலைபெற்ற நுட்பங்கள். புதியவருக்குப் பழையவர் கற்பிக்கும் பாடங்கள்.

இவ்வழுவமைதிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு, விளையாட்டின் மிகப் பெரிய தொழில்நுட்ப வரம்பு விடை சொல்கிறது. அது வேகம். விளையாட்டில் ஒரு நாள் 1,200 காலத்துளிகள். ஆண்டுக்கு 336 நாட்கள். ஆக ஓராண்டு 4,03,200 துளிகள். விநாடிக்கு 100 துளிகள் என்பது அமைப்புக் கோப்பில் இயல்பாக எழுதப்பட்ட உச்சவேகம். அவ்வேகத்தில் ஓராண்டு ஏறத்தாழ 67 நிமிடத்தில் முடியும். கோட்டை வளர வளர, குள்ளர்களும் விலங்குகளும் பொருள்களும் பெருகப் பெருக, வேகம் விநாடிக்கு 20 துளிகளாகக் குறைகிறது என்றால், அதே ஆண்டு முடிய ஐந்தரை மணி நேரத்துக்கும் மேலாகும். நடுத்தர அளவிலான நிலப்பரப்பின் ஒரு தளத்தில் மட்டும் 192க்கு 192, அதாவது 36,864 கட்டங்கள். அத்தகைய தளங்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் உயிரும் அவற்றினூடே வழி தேட வேண்டும். பல ஆண்டுகள் இந்த வேலையின் பெரும்பகுதி செயலியின் ஒற்றை இழையிலேயே நடந்தது. எட்டு கருக்கள் கொண்ட செயலி இருந்தும் ஏழு கருக்கள் ஏறக்குறைய வாளாவிருந்தன. எதிரியால் வீழாத கோட்டைகள் மந்தகதியால் கைவிடப்பட்டன. இதற்கு ஆடுபவரிடையே ‘வேகச் சாவு’ என்ற பொருளில் ஒரு பெயரே வழங்குகிறது.

ஆகவேதான் பாலத்தின் அடியில் தேவையற்ற பொருள்கள் அழிக்கப்பட்டன. பூனைகள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி அடைக்கப்பட்டன. நடைவழிகள் அளவறிந்து வெட்டப்பட்டன. கோட்டையின் கட்டடக்கலையே செயலியின் வரம்புக்கு ஏற்ப வடிவம் கொண்டது. மக்கள்தொகைக்கு இயல்பாக 200 என்ற உச்சவரம்பு உண்டு. அது உரைக்கோப்பில் இருப்பதால், பழைய கணினி வைத்திருப்பவர் அதை 60 ஆக்கிக்கொள்ளலாம். இந்தியாவில், குறைந்த நினைவகம் கொண்ட மடிக்கணினியிலோ ஆய்வகக் கணினியிலோ ஆடும் மாணவருக்கு அந்த ஒற்றை எண்ணின் பெறுமதி பெரிது. விலையுயர்ந்த கணினி வாங்கு என்று சொல்லாமல், உன் கணினிக்கு ஏற்றவாறு உலகத்தைச் சுருக்கிக்கொள் என்று சொல்லும் விளையாட்டு அது. வரம்பு எழுதப்பட்ட இடம் பற்றிய கேள்வி வெறும் அழகியல் கேள்வி அன்று என்பதற்கு இது ஒரு சான்று.

மூடிய பாதியின் முன் ஆடுபவர்கள் கைகட்டி நிற்கவில்லை. ‘ட்வார்ஃப் தெரபிஸ்ட்’, ‘டிஎஃப்ஹேக்’ போன்ற கருவிகள், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியின் நினைவகத்தைப் படித்து, தேவையான இடத்தில் மாற்றுகின்றன. மூலநிரல் இல்லாமல் இதைச் செய்ய, எந்த முகவரியில் எந்தத் தகவல் இருக்கிறது என்பதை ஊகித்தும் சோதித்தும் கண்டறிய வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் முகவரிகள் இடம் மாறும். வரைபடத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். டிஎஃப்ஹேக் குழுவினர் இந்த வரைபடத்தை அனைவரும் படிக்கத்தக்க கோப்புகளாகப் பேணிவருகிறார்கள். விளையாட்டின் உள்ளமைப்புக்கு வெளியார் தொகுத்த பெரும் சொல்லடைவு என்று அதைச் சொல்லலாம். அக்கருவியில் வழுக்களைத் திருத்துவதற்கென்றே தனித் தொகுதி இருக்கிறது. மூலநிரலைக் காணாதவர்கள் மூலநிரலின் பிழையைத் திருத்துகிறார்கள்.

பே 12 இதை எதிர்க்கவில்லை. டிஎஃப்ஹேக் இன்று ஸ்டீம் தளத்திலேயே கிடைக்கிறது. கட்டணப் பதிப்பின் படங்களை வரைய, முன்பு தம் விருப்பத்தில் எழுத்துகளுக்குப் பதிலாகப் படத்தொகுப்புகள் ஆக்கிவந்த மாடிங் கலைஞர்களே அமர்த்தப்பட்டனர். பின்னர் மாடிங் சமூகத்திலிருந்தே ஒருவர் இரண்டாவது நிரலாளராகச் சேர்ந்தார். கணக்கீட்டின் சில பகுதிகள் பல இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. புதிய பதிப்பில், ஒரு மாட் தலைமைக் கோப்பை முழுதாக மாற்றியெழுதாமல், ‘இந்த உயிரினத்தில் இந்த வரியை மட்டும் மாற்று’ என்று சொல்லும் வசதி வந்தது. முன்பு ஒரே கோப்பைத் தொடும் இரண்டு மாட்கள் ஒன்றையொன்று அழித்தன. இப்போது அவை பெரும்பாலும் அருகருகே வாழ்கின்றன. பிறர் பாடத்தை அழிக்காமல் திருத்தம் முன்மொழியும் முறை எத்துணை முக்கியம் என்பதைப் பதிப்பியல் அறிந்தவர் உடனே உணர்வர்.

மூடிய பாதி எங்கே வலிக்கிறது என்பதை மொழியில் பார்க்கலாம். பழைய வடிவம், ஐபிஎம் கணினிகளுக்காக உருவான 437 என்ற எண்ணுள்ள குறிப்பக்கத்தைப் பின்பற்றுகிறது. 16 வரிசை, 16 நிரல், ஆக 256 குறிகள் கொண்ட ஒரே ஒரு படக்கோப்பு. ஆங்கில எழுத்துகள், சில ஐரோப்பிய எழுத்துகள், சுவர் வரையும் கோடுகள், சிரித்த முகம் எல்லாம் அதற்குள் அடக்கம். படக்கோப்பு திறந்த பாதியைச் சேர்ந்தது. யாரும் மாற்றி வரையலாம். தமிழின் 247 எழுத்துகளும் எண்ணிக்கை அளவில் 256-க்குள் அடங்கிவிடும். ஆனால் எண்களுக்கும் சுவர்களுக்கும் குள்ளருக்கும் இடமிருக்காது. ஒருங்குறிக்கு முன் திஸ்கி குறியீடு செய்ததுபோல, கொம்பு, கால், துணைக்கால் என்று வடிவங்களைத் தனித்தனியே அடுக்கிக் கட்டத்துக்கு ஒன்றாக வைக்கலாம். அப்போதும் ஒவ்வொரு கட்டமும் ஒரே அகலம். ‘ர’வுக்கும் ‘ணௌ’வுக்கும் ஒரே அறை கிடையாது என்பதைத் தமிழ் எழுதத் தெரிந்த எவரும் அறிவர்.

எழுத்தைவிட ஆழமான சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று திணையும் பாலும் காட்ட வேண்டும். குள்ளன் வந்தான், குள்ளி வந்தாள், பூனை வந்தது. இந்த முடிவுக்கு வேண்டிய தகவல்கள் அத்தனையும் திறந்த கோப்புகளில் உள்ளன. எந்த உயிர் கற்கும், எது பேசும், எது ஆண், எது பெண் என்ற குறிகள் ஒவ்வோர் உயிரினத்தின் கீழும் எழுதப்பட்டிருக்கின்றன. உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டை அக்குறிகளிலிருந்தே ஏறக்குறையப் பெற்றுவிடலாம். ஆனால் வாக்கியத்தைக் கட்டும் விதி இயங்குகோப்பினுள், ஆங்கிலச் சொல்லொழுங்கில், உறைந்து கிடக்கிறது. தமிழாக்க முயல்பவரிடம் அகராதியும் பெயர்ப்பட்டியலும் இருக்கும், தொடரியல் இருக்காது. ரஷ்ய, சீன ஆர்வலர்கள் நினைவகத்தில் ஓடும் வாக்கியங்களை இடைமறித்து மாற்றியே மொழிபெயர்ப்புகளை உருவாக்கினார்கள். திணை வழு நேராமல் இவ்விளையாட்டைத் தமிழில் பேசவைக்க வேண்டுமென்றால், தடையாக நிற்பது தமிழின் இயல்பும் அன்று, கணினியின் திறனும் அன்று; வாக்கிய விதி வைக்கப்பட்ட இடம்.

அந்த இடத்தை மாற்ற முடியும் என்பதற்கு வேறொரு தற்சார்பு விளையாட்டு சான்று. டெர்ரி கேவனா 2010-இல் வெளியிட்ட ‘விவிவிவிவிவி’யின் மூலநிரல், அதன் பத்தாம் ஆண்டு நிறைவில், 2020 ஜனவரியில், சில நிபந்தனைகளோடு பொதுவில் வைக்கப்பட்டது. விளையாட்டின் நிகழ்வுகள் பலவும் ஒரே நெடிய நிபந்தனைத் தொடருக்குள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்ததைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. ஆனால் ஆர்வலர்கள் அந்நிரலைப் படித்து வழுக்களைத் திருத்தினர். 2024-இல் வந்த 2.4 பதிப்பு பல மொழிகளின் பெயர்ப்புகளோடு வெளியானது. நேர்த்தியற்ற நிரலால் மிக நல்ல விளையாட்டு ஒன்றை ஆக்க முடியும் என்பதை மாணவர்கள் கண்ணால் கண்டதும் அந்த வெளியீட்டின் பயன்களுள் ஒன்று.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வைக்கப்படலாம். முதலாவது, நிரலை மூடிவைப்பது ஆக்கியவரின் உரிமை, அவரது வாழ்வாதாரம். உண்மை. இருவர் இருபதாண்டுக்கும் மேலாக எழுதிய நிரலைப் பொதுவில் வைக்கச் சொல்லும் தகுதி எவருக்கும் கிடையாது. முழுத் திறப்பு வேண்டும் என்பது இங்கு வாதம் அன்று. எந்த விதியைக் கோப்புக்கு நகர்த்தலாம் என்ற சிந்தனை, ஆக்குபவரின் கைவினையில் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே வாதம். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ பாதியைத் திறந்துவைத்தும் வாழ்வாதாரத்தை இழக்கவில்லை. அது விரும்பப்படுவதற்கான காரணங்களுள் அந்தத் திறந்த பாதியும் ஒன்று.

இரண்டாவது வாதம் கூர்மையானது. மாடிங் என்பது கூலியில்லா உழைப்பு. நிறுவனம் தன் குறையை ரசிகரின் இரவுகளால் நிரப்பிக்கொள்கிறது. 2005-லேயே யூலியான் க்யூக்லிஹ் இத்தகைய உழைப்பை, விளையாட்டையும் வேலையையும் இணைத்த ஒரு புதுச்சொல்லால் சுட்டினார். இவ்விளையாட்டிலும் வேலைக்கு எடுக்கப்பட்டோர் சிலர். பெயர் தெரியாமல் வரைபடம் தொகுத்தோர் பலர். இதற்கு விடை மாடிங்கைக் கைவிடுவதன்று. உழைப்பைப் பெயரிட்டு அங்கீகரிப்பது. ஆய்வுலகம் இதில் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு மாட் தந்த தகவலை வைத்து வாதம் கட்டிவிட்டு, மேற்கோளில் விளையாட்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதுவது, உரையாசிரியரின் விளக்கத்தை எடுத்துக்கொண்டு மூலநூலை மட்டும் சுட்டுவதற்கு ஒப்பு.

மூன்றாவது, சட்டம். கோப்பைத் திறப்பதே குற்றமோ என்ற அச்சம் மாணவர்களிடமும் சில வழிகாட்டிகளிடமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், 52(1) பிரிவு எவையெல்லாம் மீறலாகா என்று பட்டியலிடுகிறது. 1999-இல் திருத்தப்பட்டபின் அப்பட்டியல், நிரலின் அடிப்படைக் கருத்துகளையும் கோட்பாடுகளையும் அறியும் பொருட்டு அதன் செயல்பாட்டைக் கவனிப்பதையும் ஆராய்வதையும் சோதிப்பதையும் உள்ளடக்குகிறது. முறையாகப் பெற்ற சொந்தப் படியிலிருந்து, வணிக நோக்கமற்ற தனிப்பயனுக்காக நகலெடுப்பதையும் தழுவி மாற்றுவதையும் உள்ளடக்குகிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. மாற்றிய படியைப் பிறருக்கு விநியோகிப்பதும், உரிம ஒப்பந்தத்தின் நிபந்தனைகளும் தனியே பார்க்க வேண்டியவை. ஆயினும் ஆய்வுக்காகத் தன் படியைத் திறந்து படிப்பவர் குற்றவாளி என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த எண்ணத்தை வளர்த்துவைத்திருப்பது சட்டத்தை விடவும் கல்வி நிறுவனங்களின் தயக்கம்.

எனவே செய்யத்தக்கவை சில உண்டு. எவற்றுக்கும் பெருநிதி தேவையில்லை. விளையாட்டைப் பற்றிய ஆய்வேடு, அதன் பெயரையும் ஆண்டையும் மட்டும் தந்து நின்றுவிடாமல் பதிப்பெண்ணைத் தர வேண்டும். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், 2006’ என்ற மேற்கோள், மதுக்கூடம் இல்லாத விளையாட்டையும் பூனைகள் மாண்ட விளையாட்டையும் படங்கள் நிறைந்த விளையாட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இயங்கிய மாட்களின் பட்டியலும் மாற்றிய கோப்புகளும் சேமிப்புக் கோப்பும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வேண்டும். அப்போதுதான் மற்றொருவர் அதே உலகத்துக்குள் நுழைந்து முடிவைச் சோதிக்க முடியும். பே 12 தன் பழைய பதிப்புகளைப் பதிவிறக்கத்துக்கு வைத்திருக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விற்பனைத் தளங்களில் பழைய பாடம் சத்தமின்றி மறைந்துபோகிறது. பல்கலைக்கழக நூலகங்கள், தம் ஆய்வாளர்கள் ஆராயும் விளையாட்டுகளின் அந்தந்தப் பதிப்பையேனும் பாதுகாக்க வேண்டும்.

பாடத்திட்டத்திலும் ஒரு சிறு மாற்றம் போதும். விளையாட்டு பற்றிய தாளை எடுக்கும் இலக்கிய மாணவர், ஒரு கச்சாக் கோப்பைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றி, உலகம் எவ்வாறு மாறுகிறது என்று கண்டு, இரண்டு பக்கம் எழுதட்டும். கணினியியல் மாணவர், ஒரு வழுவை மீண்டும் நிகழச் செய்து, அது எந்த விதிகளின் சந்திப்பில் பிறந்தது என்று விளக்கட்டும். மொழியியல் மாணவர், திணை காட்டும் குறிகளைக் கோப்பிலிருந்து தொகுத்து, தமிழ் வினைமுற்றுக்கு அவை போதுமா என்று ஆராயட்டும். மூவரும் ஒரே மேசையில் அமர்வதற்கு இதைவிட எளிய வாய்ப்பு கிடைப்பது அரிது.

வழுவைக் கண்டால் நகைப்பதும், திருத்தம் வந்தவுடன் மறப்பதும் நுகர்வோரின் வழக்கம். ஆராய்பவரின் கடமை வேறு. எந்த விதி எங்கே வைக்கப்பட்டிருந்தது, அதைத் தொடும் உரிமை யாருக்கு இருந்தது, எந்தப் பிழை திருத்தப்பட்டது, எந்தப் பிழை மரபாக ஏற்கப்பட்டது, ஏற்றவர் யார் என்று அவர் கேட்டாக வேண்டும். வழுவையும் வழுவமைதியையும் பிரித்தறியும் பயிற்சி தமிழ்க் கல்வியில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பயிற்சி பெற்ற மாணவர்கள் இக்கோப்புகளைத் திறக்கவில்லை என்றால், குறை அவர்களுடையது அன்று; திறந்து பார் என்று சொல்லாத துறைகளுடையது.